கொம்பு இடம் மாறிய கதை

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர்கள் மூன்று முறை எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். முதல் முறை, "கவிதை குடு" என்றார்கள். எனக்குக் கவிதை வராது. இரண்டாம் முறை, "தன்னம்பிக்கைக் கட்டுரை குடு" என்றார்கள். மூன்று அரியர் வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? மூன்றாம் முறை, "சரிப்பா, நீதான் கம்ப்யூட்டர் கிறுக்கனாச்சே, அதைப் பத்தியே எதையாவது எழுதித் தொலை" என்றார்கள். தொலைக்கிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானால் அவர்களைத் திட்டுங்கள்.

கிறுக்கன் என்பதில் எனக்கு வருத்தமில்லை. இங்கிலீஷில் இதற்கு 'கீக்' என்று கௌரவமாக ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் பெரியம்மா அகராதியில் அதுவே 'பொட்டிப் பைத்தியம்'. எனக்குச் சொந்த ஊர் மரக்காணம். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. டிப்ளமோ சேர்ந்ததிலிருந்து குயிலாப்பாளையத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். பெரியம்மா ஆரோவில்லில் ஒரு சமையல்கூடத்துக்குக் காய் நறுக்கப் போகிறவர். காலையில் அவர் சைக்கிளை எடுக்கும் நேரத்தில்தான் நான் படுக்கப் போவேன்.

"ராத்திரி பூரா முழிச்சிக்கினு என்னடா பண்றே?"

"கேம் பண்றேன் பெரியம்மா."

இந்தப் பதிலைச் சொன்ன அன்றுதான் என் முதல் அரசியல் பிரச்சனை ஆரம்பமானது. அன்று மாலையே மரக்காணத்துக்கு போன் போய்விட்டது, "உன் புள்ள ரம்மி ஆடறான்" என்று!

பெரியம்மா மேல் தப்பில்லை. சில வருஷங்களாக 'ஆன்லைன் கேம்' என்ற வார்த்தை பேப்பரில் வந்தாலே பக்கத்தில் கடன், தற்கொலை என்ற வார்த்தைகளும் சேர்ந்து வந்தன. 2021-ல் தமிழக அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் மறுபடி சட்டம். 2023 நவம்பரில் மறுபடி தீர்ப்பு: சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமைக்கான ஆட்டங்கள், அவற்றை அந்தப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று. கடைசியில் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே நாடு முழுவதற்கும் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. காசு ஆட்டம் ஒழிந்ததற்கு நான் அழவில்லை. எங்கள் தெருவிலேயே ஒருத்தன் அம்மா கம்மலை அடகு வைத்து ஆடினான். என் வருத்தமெல்லாம், இந்த நாலைந்து வருஷத்தில் கேம் என்ற சொல்லே கெட்டுப்போனதுதான். 2025 சட்டத்தின் பெயரில் 'ஊக்குவித்தல்' என்ற சொல்லும் இருக்கிறது தெரியுமா? காசில்லாத கேம்களை அரசு ஊக்குவிக்குமாம். பெரியம்மாவிடம் காட்டினேன். "இதை வேற ஊக்குவிக்கிறாங்களா? கஷ்டகாலம்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, நான் பண்ணிய கேம் என்ன? பேரு 'உப்பு'. துப்பாக்கி கிடையாது, பாராசூட் கிடையாது. (2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது ஒரு வாரம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) இதில் ஹீரோ சூரியன். வில்லன் மழை. மரக்காணத்துப் பக்கம் பஸ்ஸில் போயிருப்பவர்கள் ஈ.சி.ஆர். ஓரம் கண்ணுக்கு எட்டின தூரம் பாத்தி பாத்தியாக வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். செல்பி எடுக்க அழகாகத்தான் இருக்கும். அதில் நடக்கிற வேலை என்னவோ நம் லேப்பில் செய்கிற கெமிஸ்ட்ரி பிராக்டிகலைவிட நுணுக்கமானது. கடல் தண்ணீர் போமே மீட்டரில் சுமார் 3 டிகிரி காட்டும். அதைப் பெரிய பாத்தியில் விட்டு வெயிலில் காயவைத்து, கெட்டியாக ஆக அடுத்த பாத்திக்கு மாற்றி, 25 டிகிரியை ஒட்டி வரும்போது கடைசிப் பாத்தியில் நிறுத்தினால் உப்பு பூக்க ஆரம்பிக்கும். இன்னும் ரொம்ப ஏறினால் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்னீசியம் உப்பும் சேர்ந்து இறங்கிக் கசக்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து வா. இதைவிட நல்ல கேம் வேறு எங்கே கிடைக்கும் சொல்லுங்கள்? கம்பெனிக்காரன் உட்கார்ந்து யோசித்தால்கூட வராது.

மூன்று லெவல். முதலாவது மரக்காணம். இரண்டாவது கழுவெளி, அதில் மழைத் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும், பாத்தியைக் காப்பாற்ற வேண்டும். மூன்றாவது ஆரோவில். உப்புக்கும் ஆரோவில்லுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சூரியன்தான் சம்பந்தம். அங்கே சோலார் கிச்சன் கூரை மேல் 15 மீட்டர் அகலத்தில் கிண்ணம் மாதிரி ஒன்று, உள்பக்கம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள் பதித்து, வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அது வெயிலைப் பிடித்து நீராவி உண்டாக்கிச் சோறு வேகவைக்கிறது. எங்கப்பாவைச் சுட்ட அதே வெயில். முதல் லெவலில் எடுத்த உப்பை மூன்றாம் லெவலில் அந்தச் சோற்றில் சேர்த்தால் ஆட்டம் முடியும். கதை எப்படி?

எழுத்தெல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை. அப்பா ஆட வேண்டும். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், அதுவும் எழுத்துக்கூட்டி.

செப்டம்பரில் நம் டிபார்ட்மெண்ட் சிம்போசியம் நடந்தது நினைவிருக்கும். அதற்காக லேப் கம்ப்யூட்டரில் யூனிட்டி என்ற கேம் என்ஜினில் எல்லாவற்றையும் சேர்த்தேன். பாத்தி வந்தது, தண்ணீர் வந்தது, மழைகூட அழகாக வந்தது. எழுத்து வந்தபோதுதான் வயிறு கலங்கியது. 'மரக்காணம்' புள்ளி கொஞ்சம் தள்ளி நின்றாலும் படிக்கிற மாதிரி வந்தது. 'உப்பு'வில் கடைசி எழுத்தின் வால் அறுந்து தனியாகக் கிடந்தது. 'கழுவெளி'யில் வகரத்துக்கும் ளகரத்துக்கும் சண்டை. 'ஆரோவில்' கேட்கவே வேண்டாம். ரகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் நின்றுகொண்டது, பஸ்ஸில் படியில் ஏறாமல் பின்னால் ஏணியில் தொங்குகிறவன் மாதிரி.

மூன்று ராத்திரி போராடினேன். பான்ட் மாற்றினேன், செட்டிங் மாற்றினேன், சாமி படத்தை மானிட்டர் மேல் வைத்தேன். கொம்பு நகரவில்லை. மூன்றாம் நாள் வந்து பார்த்த ஒரு சார் சுலபமாக வழி சொன்னார்: "இங்கிலீஷ்ல போட்டுடுப்பா. ஜட்ஜுங்களுக்கும் ஈசி. பிராப்ளம் சால்வ்டு."

நான் போடவில்லை. நேரமும் இல்லை, மனசும் இல்லை. கொம்பு கோணலாகவே காட்சிக்கு வைத்தேன்.

அன்று அப்பா வந்திருந்தார். அட்மிஷனுக்குப் பிறகு காலேஜுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். வெள்ளைச் சட்டை போட்டு, டவலை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையில் நின்று என் டேபிளுக்கு வந்தார். இருபத்தைந்து வருஷம் வெள்ளை உப்பின் மேல் பட்டுத் திரும்புகிற வெயிலைப் பார்த்த கண். ஸ்கிரீனுக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "ம... ர... மரக்காணம்" என்று படித்துச் சிரித்தார். அடுத்ததைப் படிக்கப் போனவர் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது.

"எனக்குத்தான் கண்ணு தெரியலியா, இல்ல எழுத்தே இப்படித்தானா?" என்று மெதுவாக என்னிடம் மட்டும் கேட்டார்.

"எழுத்துதாம்பா தப்பு. உங்க கண்ணு நல்லாதான் இருக்குது" என்றேன். அவர் நம்பினாரா என்பது தெரியும்படி எதுவும் சொல்லவில்லை. டவலை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த டேபிளுக்குப் போனார். பரிசு எனக்கில்லை. அது கிடக்கட்டும்.

அன்று ராத்திரி கோபத்தோடு தோண்ட ஆரம்பித்தேன். ஒரு கொம்பு ஏன் இடம் மாறுகிறது? நம் பாடத்திட்டத்தில் ஆறு செமஸ்டரிலும் இல்லாத சரித்திரம் ஒன்று கிடைத்தது. 1988-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இஸ்கி என்று ஒரு தரம் வந்தது. 1991-ல் யூனிகோடு வந்தபோது அந்த வரிசையை ஒட்டியே தமிழுக்கு 128 கட்டம் ஒதுக்கினார்கள். இன்றைக்கும் அதில் 72 கட்டத்தில்தான் எழுத்து இருக்கிறது. நமக்கோ 247 எழுத்து. 'ரோ' என்ற எழுத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. ரகரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, இரண்டையும் அடுத்தடுத்து சேமிப்பார்கள். கொம்பை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்தைத் திரையில் வரைகிற சாஃப்ட்வேரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற சாஃப்ட்வேரில் கொம்பு பின்னால் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

இதைத் தமிழ் மன்றச் செயலாளரிடம் சொன்னேன். (அவரை உங்களுக்குத் தெரியும், மைக் கிடைத்தால் விடமாட்டார்.) கொதித்துவிட்டார். "கொரியாக்காரனுக்கு 1996-ல 11,172 எழுத்துக்குத் தனித்தனி இடம் குடுத்தான் யூனிகோடுக்காரன். நமக்கு 247 குடுக்க மனசு வரலை பாத்தியா? இது திட்டமிட்ட சதி!" என்றார். கொரியக் கணக்கு சரிதான். நானும் ஒரு வாரம் சதி என்றே நம்பினேன். எல்லா எழுத்துக்கும் தனி இடம் கேட்டு இங்கேயும் பல வருஷம் போராடிப் பார்த்திருக்கிறார்கள். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம், தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோடு சரியாக வேலை செய்யாத இடத்துக்கு என்று, அனைத்து எழுத்துக்கும் தனி இடம் கொண்ட இன்னொரு முறையையும் அதே ஆணையில் சேர்த்தது. அந்த இரண்டாவது உங்கள் போனில் இருக்கிறதா? என் போனில் இல்லை.

ஆனால் சதி என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போக எனக்கு முடியவில்லை. ஏனென்றால் அதே 'ஆரோவில்', அதே கட்டங்கள், என் போன் மெசேஜில் ஒழுங்காக வருகிறதே! பிரவுசரிலும் வருகிறது. கட்டம் குறைவு என்பது உண்மையான குறையாகவே இருக்கட்டும். ஆனால் என் கேமில் கொம்பு கோணியது அதனால் மட்டுமில்லை. வரைகிறவன் தமிழ் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கில் விற்கிற கேம் எல்லாம் ஓடுகிற என்ஜினுக்குக் கொம்பு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, ஏனென்றால் அதைக் கேட்டு யாரும் சண்டை போடவில்லை. நாமும்தான் "இங்கிலீஷ்ல போட்டுடுப்பா" என்று போய்விடுகிறோம். சதியைவிட இது எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

இந்த இடத்தில் மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் குறுக்கு வழி காட்டினான். அவன் அண்ணன் திண்டிவனத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறார். பழைய பாமினி பான்டில் போட்டால் எதிலும் உடையாது என்றான். உண்மைதான். அந்தக் காலத்து பான்ட்கள் இங்கிலீஷ் எழுத்தின் மேல் தமிழ் முகமூடி மாட்டியவை. கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிக்க வேண்டும், கொம்பு முதலில், ரகரம் பிறகு, கால் அதற்குப் பிறகு. பாமினியில் 'ஆரோவில்' என்றால் உள்ளே இருப்பது பெரிய எம், பெரிய என், யு, ஹெச், டி, பி, ஒய், ஓர் அரைப்புள்ளி. அதை யூனிட்டியில் போட்டேன். கொம்பு சொன்னபடி முன்னால் வந்து நின்றது! 1999-ல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடத்தி, ஆளுக்கொரு பான்ட் என்ற கூத்தை ஒழிக்கத்தான் அவ்வளவு பேர் பாடுபட்டார்கள். இத்தனை வருஷம் கழித்து அந்தக் கூத்தே என்னைக் காப்பாற்ற வருகிறது. சிரிப்பதா அழுவதா?

ஏறக்குறைய அதிலேயே முடித்திருப்பேன். அப்பாவின் கண்தான் தடுத்தது. எழுத்தைப் பெரிதாக்கினாலும் அவருக்குச் சிரமம்தான். கேம் தானே வாசித்துக் காட்டினால்? போனில் தமிழ் வாசிக்கும் குரல் இருக்கிறது. அதனிடம் பாமினியைக் கொடுத்தால் "எம் என் யு ஹெச்" என்று இங்கிலீஷில் உளறும். முகமூடி கண்ணைத்தான் ஏமாற்றும், காதை ஏமாற்றாது. குரல் வேண்டுமானால் நிஜ எழுத்து வேண்டும், நிஜ எழுத்து வேண்டுமானால் கொம்பு நகர வேண்டும். மறுபடி முதல் பாத்தி.

கோடோ என்று ஒரு இலவச கேம் என்ஜின் இருக்கிறது. 2023 மார்ச்சில் வந்த அதன் நாலாம் பதிப்பில் ஹார்ப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் சாஃப்ட்வேரைச் சேர்த்திருக்கிறார்கள். அதை முன்னின்று வளர்த்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்பவர். பெயரே பாரசீகம். பாரசீக எழுத்தும் பக்கத்து எழுத்தைப் பார்த்து உருவம் மாறுகிற எழுத்துதான், பட்டவனுக்குத்தான் வலி தெரியும். நம் போனில், பிரவுசரில் கொம்பை நகர்த்துவதும் இதே ஹார்ப்பஸ்தான். போதாததற்கு கோடோ நாலில் எழுத்தைக் குரலில் வாசிக்கும் வசதியும் இருக்கிறது. கேட்டது கொம்பு, கிடைத்தது குரலும் சேர்த்து.

அடுத்த தடை, லேப்டாப். என்னிடம் இருப்பது அக்கா ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011-ல் தொடங்கிய திட்டம். மூடிவிட்டால் திரும்பத் திறக்குமா என்று பயந்து நான் மூடுவதே இல்லை. விண்டோஸ் பக்கம் கோடோ நாலு திறக்கவே மறுத்தது. காரணம் தேடினால் வேடிக்கை: அந்தப் பழைய இன்டெல் கிராஃபிக்ஸுக்கு விண்டோஸ் டிரைவர் ஓப்பன்ஜிஎல் 3.1-ஓடு நின்றுவிட்டது. கோடோவுக்கு வேண்டியது 3.3. அதே சிப்புக்கு லினக்ஸ்காரர்கள் இலவசமாக எழுதிய டிரைவர் 3.3 வரை போகிறது! நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்த லேப்டாப் இருக்கிறது? ஆன் செய்ததும் இரண்டு பெயர் வரும், விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக் செய்தது. அதைத் தொட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். நானும் தொட்டதில்லை. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது, இலவசமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். பஸ் பிடித்துப் போனேன். அங்கே ஒரு அண்ணா புது லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, "இதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் உயிர் இருக்குதுப்பா" என்று லேப்டாப்பைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுகிற மாதிரி.

திறந்தது. 'ஆரோவில்' என்று டைப் செய்தேன். இரட்டைக் கொம்பு முன்னால், ரகரம் நடுவில், கால் பின்னால். விடியற்காலை நாலு மணி. பெரியம்மாவை எழுப்பிக் காட்டினேன். "ஆரோவில்னு எழுதியிருக்குது. இதுக்கா எழுப்பினே?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தயங்காமல் படித்தாரே, அதுதான் எனக்கு வேண்டியது.

கேமை முழுக்க மறுபடி எழுத ஒரு மாதம் ஆனது. (அரியர் ஏன் மூன்று என்று இப்போது புரிந்திருக்கும்.) நவம்பரில் ஊருக்குப் போனேன். மழை. உப்பளம் நின்றுவிட்டால் அப்பாவுக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பதே ஒரு தண்டனை. வாசலில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் இருந்தார். போனைக் கையில் கொடுத்தேன்.

"மரக்காணம். முதல் பாத்தியில் தண்ணீர் விடவும்" என்று போன் பேசியது. அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுத்தைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தானும் படித்தார். குரலைவிட மெதுவாக, ஆனால் நிற்காமல். கழுவெளியையும் படித்தார்.

அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா டீ கொண்டுவந்து வைத்து ஆறிப்போனது. வெளியே நிஜ மழை, உள்ளே என் மழை. திடீரென்று, "டேய், இங்க வா" என்றார். கூப்பிட்ட தோரணையில் எனக்குக் கொஞ்சம் பயம்.

"இது என்ன 32 டிகிரி வரைக்கும் தண்ணிய உட்டு வச்சிருக்கே?"

"அது... ஆடறவங்களுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கலாம்னுதாம்பா."

"டைம் குடுப்பியா? 29 தாண்டசொல்லவே திறந்து உட்றணும்டா. கசந்து பூடும். எவன் வாங்குவான் இதை? ஆரோவில்காரன் சோத்துல போட்டா துப்ப மாட்டான்?"

அங்கேயே உட்கார்ந்து 32-ஐ 29 ஆக்கினேன். அதன் பிறகு நம் வகுப்பில் முதல் லெவலைத் தாண்டினவர் ஒருவரும் இல்லை. மூன்று பேர் போனைத் தூக்கி எறியப் பார்த்தார்கள். கேம் என்னிடம் பென் டிரைவில் இருக்கிறது. வேண்டுபவர்கள் மத்தியானம் லேப் வாசலில் வந்து வாங்கிக்கொள்ளலாம். அப்பாவின் ஸ்கோர் 4,150. ஜெயித்துக் காட்டுங்கள்.